இரண்டாவது காலடி

கணவர் ஷூ நாடாவைக் கட்டக் குனியும்போதே அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். குனிந்தவர் நிமிர்வாரா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். நிமிர்வார். முகம் கொஞ்சம் சிவந்திருக்கும், அவ்வளவுதான்.

"என்ன அப்படிப் பாக்கற? நடக்கத்தான் போறேன், போருக்குப் போகல."

"தண்ணி குடிச்சீங்களா?"

"ஏரியைச் சுத்தித்தான் தாயே நடக்கப் போறேன். பாலைவனத்துல இல்ல."

கதவு சாத்திக்கொள்ளும். படியில் ஒவ்வொரு காலாக இறங்கும் சத்தம் கேட்கும். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது அந்தத் தெருவில் எல்லாரும் ஒருமுறையாவது சொல்லிச் சிரித்த விஷயம். அவளும் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வருவதில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் அவர் இறங்கியிருந்தார். அடியில் உட்கார்ந்து, மேலே பெட்டி ஓடும் சத்தத்துக்குக் காது கொடுத்துத்தான் அவர் பழுதைக் கண்டுபிடிப்பார். அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மேலே நின்ற கூட்டாளிக்கு அது பழக்கம். அதனால் குழியிலிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் வராதபோது, பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து அவனும் மூச்சுக் காட்டாமல் நின்றுவிட்டான். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்தபடி, எண்ணெய்ப் பிசுக்கில் கன்னம் ஒட்டிக் கிடந்தார்.

அவள் பார்க்காத காட்சி அது. பார்க்காததால்தான் தினம் ஒரு விதமாகத் தெரிந்தது. ஒருநாள் கண் மூடியிருப்பார். ஒருநாள் கண் திறந்து, மேலே தெரியும் சின்ன வெளிச்சச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த நாளிலும் பக்கத்தில் யாரும் இல்லை.

உயிர் திரும்பி வீட்டுக்கு வந்தபின் டாக்டரம்மா நடக்கச் சொன்னார். மெதுவாக, தினமும், பேசிக்கொண்டே போகிற வேகத்தில். "நானும் கூட வர்றேன்" என்று அவள் சொன்னதுதான் தாமதம், மனிதர் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில நாலு பேர் என்னைப் புரட்டிப் போட்டு, தூக்கி வெச்சு, துடைச்சு விட்டாச்சு. நடக்கறதையாவது நானே நடந்துக்கறேன். பின்னாடி காவலுக்கு ஆள் வந்தா, அன்னைக்கே கட்டில்ல படுத்துடுவேன். அப்புறம் எழுப்பாத."

சொன்னால் செய்கிற ஆள். படுத்தால் எழ மாட்டார். எழாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

முதல் நாள் அவர் போனதும் அவள் அடுப்படியில் நின்றாள். டீ கொதித்துப் பொங்கி வழிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நிமிடம் அடுப்பை அணைத்துவிட்டு, தையல் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகும் துணி ஷூவை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தாள்.

கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த ஏரியைச் சுற்றி, அந்தப் பகுதிக்காரர்களே கூடி மண்ணடித்துப் போட்ட நடைபாதை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு அரிவாளோடு வந்து கோரையை வெட்டிவிட்டுப் போவார்கள். வெட்ட வெட்ட அது ஆளுயரம் வளரும். சதுப்பாக இருந்த பாதித் தூரத்துக்குப் பலகைகளை அடுக்கி, ஒரு பக்கம் கம்பால் கைப்பிடி வைத்துப் பாலம் போட்டிருந்தார்கள். பலகையில் ஒருவர்தான் போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் ஒருவர் சேற்றில் இறங்க வேண்டும். அதனால் எல்லாரும் ஒரே திசையில் சுற்றுவது என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாதையில் யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. முதுகுதான் தெரியும்.

விடிகாலைப் பனியில் அவர் முதுகு முன்னே போனது. ஒரு வளைவு இடைவெளி விட்டு அவள் தொடர்ந்தாள். மண் பாதையில் சிக்கலில்லை. பலகைக்கு வந்ததும்தான் உயிர் போனது. எவ்வளவு மெல்லக் கால் வைத்தாலும் பலகை முனகியது.

அப்போது அவளுக்குப் பட்டறைப் பழக்கம் கைகொடுத்தது. மருத்துவமனைச் சீருடை தைக்கிற பட்டறை அது. வரிசையாக மெஷின்கள். யாருடைய மெஷின் நின்றாலும் மேற்பார்வைக்காரிக்குக் காது நிமிர்ந்துவிடும். அதனால் பெண்கள் ஒரு வித்தை பழகியிருந்தார்கள். பக்கத்து மெஷின் ஓடும்போது தன் மெஷினை ஓட்டி, அது நிற்கும்போது தானும் நிறுத்துவது. இரண்டு மெஷினும் ஒரே மெஷின்போலக் கேட்கும். நடுவில் ஒன்று ஓய்வெடுத்தாலும் மேற்பார்வைக்காரிக்குப் பிடிபடாது. பல வருடம் அப்படித் தைத்த கால்கள் அவளுடையவை. அவர் கால் பலகையில் விழும்போது தன் காலை வைத்தாள். அவர் தூக்கும்போது தூக்கினாள். அவர் நின்றால் நின்றாள். தன் சத்தம் அவர் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொண்டதைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாதை முடியும் இடத்தில் ஒரு பெஞ்சு. அவர் அதில் உட்கார்ந்து இளைப்பாறுவதற்குள், அவள் வேலி இடுக்கில் நுழைந்து வீட்டுக்கு வந்து, மறுபடி அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ம். நல்லா இருந்துச்சு."

தினமும் அதே கேள்வி, அதே பதில். ஆனால் போகப் போக அவர் வேகம் கூடியது. முதலில் அவளுக்கு மகிழ்ச்சி. உடம்பு தேறுகிறது! பிறகு அவருக்கு ஈடுகொடுக்க அவளுக்கே மூச்சு வாங்கியது. பலகைப் பாலத்தில் ஏறியதும் அவர் தோள் இரண்டும் காதுக்கு ஏறிக்கொள்ளும். சட்டென்று நிற்பார். அவளும் நிற்பாள். தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஏரியில் ஏதோ பறவையைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று கால்கள் பறக்கும்.

வீட்டிலும் மனிதர் சரியில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரவெல்லாம் புரண்டு படுப்பார், காலையில் தலையணை உறை வியர்வையில் ஈரமாக இருக்கும். ஒருநாள் துவைக்கப் போட்ட அவர் நடைச் சட்டையின் கீழ்ப்பக்கத்தில் கிரீஸ் கறை. பாத்ரூம் அலமாரிக்குப் பின்னால் கிடந்த பெரிய ஸ்பேனரைக் காணவில்லை.

"ஸ்பேனரை எங்க வெச்சீங்க?"

"எந்த ஸ்பேனர்?"

"நம்ம வீட்டுல எத்தனை இருக்கு?"

"லிஃப்ட்காரன் வீட்டுல ஸ்பேனரைக் கணக்கு பாக்கறியா நீ?" என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மறுவாரம் டாக்டரம்மாவிடம் போனார்கள். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்த டாக்டரம்மா, கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தார்.

"மருந்து விடாம சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்மா."

"தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"வேகமா நடக்கறீங்களா? ஓடறீங்களா?"

"நானா? எருமை மாதிரி போறேன்."

கடைசி இரண்டும் பொய். அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எப்படிச் சொல்வாள்? அவர் ஓடுவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? தன் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "இங்க பாருங்க. உங்க இதயத்துல ஒரு பகுதி செத்துப்போச்சு. மீதி இருக்கறது ரெட்டை வேலை பாக்குது. அதை ஓட விடாதீங்க, மெரட்டாதீங்க. மெரண்டா அப்படியே நின்னுடும். நான் உங்களைப் பயமுறுத்தல. உள்ளதைச் சொல்றேன்."

திரும்பும் வழியில் பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். வைராக்கியத்துக்காக ஓடுகிறார், தன்னால் முடியும் என்று நிரூபிக்கப் பார்க்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். எந்த நிமிடமும் விழுவார். விழும்போது தாங்கிப் பிடிக்கிற தூரத்தில் தான் இருக்க வேண்டும். இனி ஒரு வளைவு இடைவெளி கூடாது. இன்னும் நெருங்கிப் போக வேண்டும்.

அப்படித்தான் மறுநாள் காலை நெருங்கிப் போனாள்.

பனி அன்று பஞ்சுபோல் அடைத்திருந்தது. கோரையின் நுனிகூடத் தெரியவில்லை. அவர் பலகையில் ஏறினார். அவளும் ஏறினாள். காலும் காலும் ஒன்றாக விழுந்தன. அவர் நின்றார். அவள் நின்றாள். அவர் இரண்டடி வைத்துச் சட்டென்று நின்றார். அவளும் இரண்டடி வைத்து நின்றாள், ஒரு நூல்கூடப் பிசகாமல். பனிக்குள்ளிருந்து அவர் மூச்சு கேட்டது. ரம்பத்தால் மரம் அறுப்பது மாதிரி. பிறகு பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன. ஓடுகிறார்!

அவளும் ஓடியிருப்பாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. திடுக்கிட்டுத் திரும்பினாள். எல்லாரையும் முந்திப் போகிற, மழையோ வெயிலோ தொப்பியைக் கழற்றாத அந்த அம்மாள். பாதையில் நடக்கிறவர்கள் அந்த அம்மாளுக்கு வைத்த பேர் தொப்பி அக்கா.

"ஏம்மா, தனியாவா வர்ற?" என்று தொப்பி அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் பனியில தனியா வராத. முன்னால போறாரே லிஃப்ட்காரர், அவர் பெஞ்சுல உக்காந்து சொன்னதைக் கேட்டதுலேர்ந்து எனக்கே கை கால் உதறுது."

"என்ன சொன்னாரு?"

"அவரை எதுவோ தொடர்ந்து வருதாம். பலகையில ஏறினா அவர் காலோட இன்னொரு கால் விழுதாம். அவர் நடந்தா அது நடக்குமாம், நின்னா நிக்குமாம். திரும்பிப் பாத்தா ஒண்ணும் இல்லையாம். நான் சொன்னேன், எதிரொலியா இருக்கும்னு. அதுக்கு அந்த மனுஷன், 'அக்கா, நான் சத்தம் கேட்டே சோறு தின்னவன். ரெண்டு சத்தம் ஒண்ணா வந்தா எனக்குத் தெரியும். இது எதிரொலி இல்ல'ன்னார். முகத்துல ஈயாடல பாவம். குழிக்குள்ள கிடந்தப்பவே அது வந்துச்சாம். வேலை முடியாம போயிடுச்சாம். முடிக்க வந்திருக்குன்னார்."

அவள் தன் காலடியையே குனிந்து பார்த்தாள். உடம்பில் இருந்த சூடெல்லாம் கால் வழியாகப் பலகைக்குள் இறங்கிப்போனது போலிருந்தது.

"வீட்டுல சொன்னீங்களான்னு கேட்டேன்" என்று தொப்பி அக்கா தொடர்ந்தாள். "அவ பயந்துடுவான்னார். பொண்டாட்டிக்குப் பயந்துக்கிட்டு எமன்கிட்ட ஓடற ஆளை இப்பத்தான் பாக்கறேன். ஏம்மா, உனக்கென்ன இப்படி வேர்க்குது?"

"நான்தான்" என்றாள் அவள்.

"என்ன நீதான்?"

"அந்தக் கால். நான் அவர் சம்சாரம்."

தொப்பி அக்கா, மழையிலும் கழற்றாத தன் தொப்பியைக் கழற்றினாள். 

முன்னால் தடதடப்பு நின்றுவிட்டது. ஏரி முழுக்க மௌனம். பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு?"

அது அவர் குரல்தான். ஆனால் அத்தனை வருடத்தில் அவள் கேட்டே இராத குரல். இருட்டில் தனியாக விடப்பட்ட குழந்தையின் குரல்.

"யாரு அது? வா. வந்துடு. என்னால ஓட முடியல."

தொப்பி அக்கா அவளைத் தாண்டிப் பாயப் போனாள். அவள் அந்த அம்மாளின் கையை இறுகப் பற்றினாள். "போகாதீங்க! ஓடினா பலகை அதிரும். அவருக்கு அது தாங்காது."

கூப்பிடலாமா? பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு கூச்சல் போனால் அந்த இதயம் என்ன செய்யும்? மெல்ல நடந்து போகலாமா? எந்தக் காலடியைக் கேட்டு அவர் ஓடுகிறாரோ அதே காலடிதான் நெருங்கும். நின்ற இடத்திலேயே நிற்கலாமா? நின்றாலும் அது அவருக்குப் பழகிய மௌனம்தான். அவர் நின்றால் அதுவும் நிற்கும். ஒரு காலைத் தூக்கினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தாள். தாங்கிப் பிடிக்க வந்தவள் அவள். நாள் தவறாமல், அன்பாக, அடி பிசகாமல், அவரைச் சாவு துரத்துவது போலத் துரத்தியிருக்கிறாள்.

அவளுக்குத் தெரிந்து, அந்த மனிதர் கொஞ்சமும் பயப்படாத ஒரே சத்தம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அவள் வாயைத் திறந்தாள். உரக்க இல்லை. அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் பேசுகிற அளவுக்கு.

"ஈரத் துண்டை நாற்காலியில போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

பனிக்குள் ஒன்றும் அசையவில்லை.

"பாத்ரூம் லைட்டை அணைக்கறதே இல்ல. நீங்க அணைக்காம வர்றீங்க, பின்னாடியே போய் நான் அணைக்கறேன்."  விடாமல் பேசினாள். "குழாயையாவது ஒழுங்கா மூடறீங்களா? ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணுவாரு, வீட்டுக் குழாய் சொட்டிக்கிட்டே கிடக்கும். கேட்டா அது என் வேலை இல்லைம்பாரு."

"பேசும்மா, பேசு" என்று தொப்பி அக்கா காதோடு சொன்னாள். "என் வீட்டுல உள்ளதும் வேணும்னா தர்றேன்."

"டீயைக் குடிச்சிட்டு கப்பை ஜன்னல்ல வைப்பாரு. ஜன்னல் என்ன பாத்திரம் கழுவற இடமா? உங்களைத்தான் கேக்கறேன்."

 பிறகு பனிக்குள்ளிருந்து, பெருமூச்சோடு கலந்து, ஒரு சொல் வந்தது.

"நீயா?"

"நான்தாங்க. இப்ப நடந்து வரப்போறேன். கால் சத்தம் கேக்கும். அது என் கால்தான். வர்றேன். இதோ ஒண்ணு வெச்சுட்டேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இதோ இன்னொண்ணு."

அப்படியே ஒவ்வொரு காலாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவர் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்பேனர். முகம் சாம்பல் பூத்து, மீசையில் வியர்வை சொட்டியது. அவள் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி சிக்கிய நூல்மாதிரி இழுத்து இழுத்து ஓடியது.

"வலிக்குதா? உண்மையைச் சொல்லுங்க."

"வலி இல்ல. மூச்சுதான்." கொஞ்சம் பொறுத்து, "எப்பலேர்ந்து?" என்றார்.

"முதல் நாள்லேர்ந்து."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"திருடன்னு நினைச்சுத்தானே இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"திருடனா இருந்தா தேவலையே. ஒரு போடு போட்டிருப்பேன்" என்றார். "அதைப் போட முடியாதுன்னு தெரியும். வெறுங்கையோட போக மனசில்ல, அவ்வளவுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இருவருக்கும் பதில் ஒன்றுதான். அதனால் யாரும் சொல்லவில்லை. பின்னால் தொப்பி அக்கா தொண்டையைச் செருமினாள். "சண்டையை ஆஸ்பத்திரியில போட்டுக்கங்க. நான் முன்னால போய் வண்டியை ஏரி வாசலுக்குக் கொண்டுவரச் சொல்றேன். மெதுவா வாங்க. மெதுவான்னா நத்தை மாதிரி." நீட்டிய கால்களைத் தாண்டி அந்த அம்மாள் பனிக்குள் மறைந்தாள்.

நாடி ஓரளவு சீரானதும் அவர் எழுந்தார். அவள் தோளைக் கொடுத்தாள். பலகை இரண்டு பேரைத் தாங்குமே தவிர, இரண்டு பேருக்கு இடம் கொடுக்காது.

"நீ முன்னாடி போ" என்றார்.

"நான் பின்னாடி வர்றேங்க. ஏதாவது ஒண்ணுன்னா—"

"என் பின்னாடி இனி யாரும் வரவேணாம்." குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. "உன் முதுகு எனக்குக் கண்ணுல தெரியணும். தெரிஞ்சா நடந்துடுவேன். நீ திரும்பித் திரும்பிப் பாத்தா எனக்குப் பதறுது. பாக்காத. போ."

அவள் போனாள். வேறென்ன செய்வாள்?

எதிரே வெறும் பனி. பின்னால் அவர். பலகை முனகியது, அவர் கால். இப்போது தன் கால் அந்தச் சத்தத்தின் மேல் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். விழுந்தால் அவர் சத்தம் அவளுடையதில் மறைந்துவிடும், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும். பழகிய கால்கள் தாமாக அவர் தாளத்துக்கே போகப் பார்த்தன. வலுக்கட்டாயமாகப் பிடித்து இழுத்தாள். அவர் ஒன்று வைக்க, இடைவெளி விட்டு அவள் ஒன்று வைத்தாள். அவர் ஒன்று. அவள் ஒன்று.

பின்னால் சத்தம் நின்றது.

அவள் ஒரு காலை எடுத்து வைத்த நிலையிலேயே உறைந்தாள். கழுத்து திரும்பத் துடித்தது. கைப்பிடிக் கம்பை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, பனியையே வெறித்துப் பார்த்தபடி நின்றாள்.

"போ, போ" என்றது குரல். "மூச்சு வாங்கிட்டு வர்றேன்."

"சரிங்க."

பலகை முனகியது. அவளும் ஒன்று வைத்தாள். அடுத்த முனகலுக்காகக் காத்திருந்தாள். வந்தது. அதற்கடுத்ததற்காகக் காத்திருந்தாள்.